ஒன்பது ஃபைனல், ஐந்து கோல்: ஐரோப்பியக் கோப்பையில் யுவென்டஸ் தோற்ற கணக்கு

இத்தாலிய லீக்கை 36 முறை வென்ற அணி யுவென்டஸ். அந்த நாட்டில் வேறு எந்த அணியும் அத்தனை முறை வென்றதில்லை. உள்நாட்டு நாக்-அவுட் கோப்பையான கோப்பா இத்தாலியாவை 15 முறை எடுத்திருக்கிறது, அதுவும் சாதனைதான். அந்தக் கோப்பையின் ஃபைனலில் 7 முறை தோற்றும் இருக்கிறது. ஐரோப்பியக் கோப்பையிலும், அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக்கிலும், ஃபைனலில் சரியாக 7 முறைதான் தோற்றிருக்கிறது. ஆனால் உள்நாட்டில் வென்றது 15, ஐரோப்பாவில் வென்றது வெறும் 2. ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் இத்தனை முறை தோற்ற அணி வேறு கிடையாது.

நம் டெல்டா பக்கம் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை போட்ட இந்த அணிக்கு ரசிகர்கள் நிறைய. 2018 முதல் 2021 வரை ரொனால்டோ ஆடியதால் வந்தவர்கள் ஒரு பகுதி. டெல் பியரோ, பஃபோன் காலத்திலிருந்து பார்ப்பவர்கள் இன்னொரு பகுதி. 2015, 2017 ஃபைனல்கள் நம் நேரப்படி நள்ளிரவு 12.15-க்குத் தொடங்கின. இரண்டிலும் யுவென்டஸ் தோற்றது. ‘டிபென்ஸ் படுத்துவிட்டது’ என்பதுதான் அன்றும் இன்றும் சொல்லப்படும் காரணம். 2015-இல் 3 கோல், 2017-இல் 4 கோல் வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஒன்பது ஃபைனல்களையும் வரிசையாக வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. 1973, 1983, 1998, 2003 ஆகிய நான்கு தோல்விகளிலும் சேர்த்து யுவென்டஸ் வாங்கியது மொத்தமே 3 கோல். 2003-இல் 120 நிமிடம் ஆடி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த நான்கு ஆட்டங்களிலும் யுவென்டஸ் போட்ட கோல் பூஜ்யம். ஒன்பது ஃபைனல்களிலும் சேர்த்து அது போட்டது 5 கோல்தான். அதில் ஒன்று பெனால்டி. ஓடும் ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் நான்கே பேர்: 1996-இல் ரவனெல்லி, 1997-இல் டெல் பியரோ, 2015-இல் மோராட்டா, 2017-இல் மாண்ட்சுகிச். பிளாட்டினி, ரோஸி, பெட்டேகா, ஜிடேன், இன்சாகி, ட்ரெசகே எல்லாரும் ஆடிய ஓர் அணியின் கணக்கு இது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒன்பதில் முதல் கோல் யுவென்டஸுடையதாக இருந்தது இரண்டே முறை, 1985, 1996. அந்த இரண்டில்தான் கோப்பை வந்தது. தோற்ற ஏழு ஃபைனல்களில் ஒரு நிமிடம்கூட யுவென்டஸ் முன்னிலையில் இருந்ததில்லை. முன்னிலையைக் காப்பதற்கென்றே கட்டிய அணிக்கு, காப்பதற்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். அது கிடைக்காமல் போனது ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் ஃபைனல் 1973 மே 30, பெல்கிரேடு. எதிரே தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்கு ஆடிய அயாக்ஸ். 5-ஆவது நிமிடத்தில் ஜானி ரெப் தலையால் முட்டினார், 0–1. மீதி 85 நிமிடத்தில் யுவென்டஸால் ஆட்டத்தைத் தன் பக்கம் இழுக்க முடியவில்லை. அன்றைய அயாக்ஸிடம் முதலில் கோல் வாங்கிய அணி பந்தைத் தேடி ஓடுவதிலேயே களைத்துப்போகும். இந்தத் தோல்வியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எதிரணி நிஜமாகவே மேலான அணி.

1983 மே 25, ஏதென்ஸ் அப்படியில்லை. யுவென்டஸ் ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத ஃபைனல் அதுதான். முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியின் ஆறு பேர் அந்தப் பதினொன்றில் இருந்தார்கள்: கோல்கீப்பர் சோஃப், ஜென்டிலே, கப்ரினி, ஷிரேயா, டார்டெல்லி, ரோஸி. கூடவே பிரான்ஸின் பிளாட்டினி, போலந்தின் போனியெக். ஃபைனல் வரை அந்தத் தொடரில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. தொடரில் அதிக கோல் போட்டவர் பாவ்லோ ரோஸி, 6 கோல். எதிரே ஹாம்பர்க். பெயர் பெற்ற வீரர்கள் குறைவு, ஆனால் பயிற்சியாளர் எர்ன்ஸ்ட் ஹாப்பல், 1970-இலேயே நெதர்லாந்து அணியான ஃபெயனூர்டுக்கு இந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்.

9-ஆவது நிமிடத்தில் ஃபெலிக்ஸ் மாகாட் இடது பக்கத்திலிருந்து உள்ளே வந்து பெனால்டி பாக்ஸின் ஓரத்திலிருந்து இடது காலால் அடித்தார். பந்து 41 வயது சோஃபின் தலைக்கு மேலே வளைந்து தூரத்து மூலையில் விழுந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு, ‘வயதான கோல்கீப்பர், தூரத்து ஷாட்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஆட்டத்தை முடித்தது அதற்குப் பிறகு நடந்த 81 நிமிடம். வோல்ஃப்காங் ரோல்ஃபிடம் ஹாப்பல் ஒரே வேலையைக் கொடுத்திருந்தார்: பிளாட்டினியை விடாதே. பிளாட்டினி பின்னால் இறங்கினால் ரோல்ஃபும் இறங்குவார், ஓரத்துக்குப் போனால் கூடவே போவார். அந்த யுவென்டஸில் ரோஸிக்கும் போனியெக்குக்கும் பந்து போகும் வழி பிளாட்டினியின் கால்தான். வழியை அடைத்ததும் முன்னால் இருந்த இருவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பாதியில் ரோஸியையே வெளியே எடுத்தார்கள். 0–1.

மேட்டூர் திறந்து கல்லணை வரை தண்ணீர் நிறைய வந்தும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யுவென்டஸின் தோல்விகளில் திரும்பத் திரும்ப நடந்தது அதுதான். பந்து நடு மைதானம் வரை வரும். கோல் போட வேண்டியவர் நிற்கும் இடத்துக்கு வராது.

1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானம். லிவர்பூலை 1–0 என்று வென்று யுவென்டஸ் முதன்முறையாக இந்தக் கோப்பையை எடுத்தது அன்றுதான். ஆட்டம் தொடங்கும் முன்பே 39 பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் 32 பேர் இத்தாலியர்கள். இதை வெற்றிக் கணக்கில் எழுதும்போது கை தயங்கத்தான் செய்யும்.

நடந்தது திடீர் விபத்து அல்ல. மைதானம் 1930-இல் திறந்தது, சுவர்கள் பழுதடைந்திருந்தன. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதிக்கு அடுத்த இசட் பகுதி, இரு அணியையும் சேராத பெல்ஜியப் பார்வையாளர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்த டிக்கெட்டுகள் இத்தாலியர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இரு கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது மெல்லிய கம்பி வலையும் சில போலீஸ்காரர்களும்தான். லிவர்பூல் பக்கத்துக் கூட்டம் வேலியை மீறிப் பாய்ந்ததும், இசட் பகுதியில் இருந்தவர்கள் மறுகோடிச் சுவரை நோக்கி நெருக்கியடித்து ஓடினார்கள். அங்கே நசுங்கினார்கள். சுவரும் இடிந்தது. ஆட்டத்தை நிறுத்தினால் வெளியே இன்னும் பெரிய கலவரம் வரும் என்று பயந்து, தாமதமாக ஆட வைத்தார்கள். போனியெக்கை வீழ்த்திய ஃபவுல் பாக்ஸுக்கு வெளியே நடந்தது. நடுவர் பெனால்டி கொடுத்தார், பிளாட்டினி அடித்தார். இங்கிலாந்து அணிகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து ஆண்டு தடை வந்தது, லிவர்பூலுக்கு ஓர் ஆண்டு கூடுதல்.

நம் பக்கத்தில் கோடைப் போட்டிகளின் கடைசி நாளில் சவுக்குக் கட்டையும் மூங்கிலும் கட்டிக் கேலரி போடுகிறார்கள். ஹெய்சலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அங்கே அப்படியே பொருந்தும். ஃபைனலுக்கு வந்த இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே கேலரியில் கயிறு மட்டும் கட்டிப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. மைதானத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்க வேண்டும். கேலரியின் இரண்டு முனையிலும் இறங்கும் வழி வேண்டும். ஒரு முனை சுவரிலோ வாய்க்கால் கரையிலோ முட்டி நின்றால் அந்த முனையில் ஆள் ஏற்றாமல் விடுவதே நல்லது. கூட்டம் பயந்து ஓடும்போது அங்கேதான் நசுங்கும். 2017-இல் கார்டிஃபில் ஃபைனல் நடந்த இரவில், யுவென்டஸின் சொந்த ஊரான டூரின் நகரின் சான் கார்லோ சதுக்கத்தில் பெரிய திரையில் ஆட்டம் பார்த்த கூட்டத்தில் திருடர்கள் மிளகுத் தூள் ஸ்பிரே அடித்ததில் நெரிசல் ஏற்பட்டது. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அங்கே சண்டையும் இல்லை, எதிரணி ரசிகர்களும் இல்லை. வெளியே போகும் வழி போதவில்லை.

அடுத்த ஃபைனலுக்குப் பதினோரு ஆண்டு. பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பியின் அணி 1996, 1997, 1998 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஃபைனலுக்கு வந்தது. வென்றது முதலாவதில் மட்டும். 1996 மே 22, ரோம். எதிரே நடப்புச் சாம்பியன் அயாக்ஸ். 13-ஆவது நிமிடத்தில் அயாக்ஸ் டிபென்டரும் கோல்கீப்பர் வான் டெர் சாரும் பந்தை யார் எடுப்பது என்று தடுமாறிய நொடியில், கோல் கோட்டருகே மிகக் குறுகிய கோணத்திலிருந்து ரவனெல்லி உள்ளே தள்ளினார். 41-ஆவது நிமிடத்தில் லிட்மனென் சமன் செய்தார். பிறகு மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு காணும் டைபிரேக்கர். அயாக்ஸின் டேவிட்ஸ், சிலூய் இருவரும் அடித்ததை யுவென்டஸ் கோல்கீப்பர் பெருஸ்ஸி தடுத்தார். யுவென்டஸுக்கு அடித்த நால்வர் ஃபெர்ராரா, பெஸ்ஸோட்டோ, படோவானோ, யூகோவிச். இருவர் டிபென்டர்கள், ஒருவர் மாற்றாக வந்த ஃபார்வர்டு, ஒருவர் மிட்ஃபீல்டர். நால்வரும் போட்டார்கள், 4–2. சுவரொட்டியில் பெரிதாகப் படம் வரும் டெல் பியரோவும் கேப்டன் வியாலியும் அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

1997 மே 28, மியூனிக். போருசியா டோர்ட்மண்டிடம் 1–3. வெறும் ஸ்கோரைப் பார்த்தால் வெளுத்து வாங்கிவிட்டார்கள் என்று தோன்றும். ஆட்டம் அப்படியில்லை. முதல் அரை மணி நேரம் யுவென்டஸ் கையில்தான் இருந்தது. 29-ஆவது நிமிடத்தில் லாம்பர்ட் அனுப்பிய பந்தை மார்பில் தாங்கி ரீட்லே போட்டார். 34-இல் கார்னரிலிருந்து தலையால் மறுபடி ரீட்லே. ஜிடேன் அடித்த ஒன்று கம்பத்தில் பட்டது, வியேரி போட்டது கையில் பட்டது என்று மறுக்கப்பட்டது. டெல் பியரோவை லிப்பி முதல் பாதி முழுக்க வெளியே உட்கார வைத்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு வந்தவர் 65-இல் பின்னங்காலால் தட்டி ஒன்றைப் போட்டார். 1–2 ஆனதும் ஆட்டம் திரும்பும் என்ற நிலை. 71-ஆவது நிமிடத்தில் லார்ஸ் ரிக்கன் என்ற இளைஞரை உள்ளே அனுப்பினார்கள். வந்து 16 நொடியில், தனக்கு வந்த முதல் பந்தையே பெருஸ்ஸியின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே பெருஸ்ஸி கோட்டை விட்டு வெகுவாக முன்னே வந்து நிற்பதைக் கவனித்து வைத்திருந்ததாக ரிக்கன் பின்னால் சொன்னார். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இதுதான்: எதிர் கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், எந்த டிபென்டர் மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துவைப்பது.

அந்த ஆட்டத்தில் கோல் இல்லாமல் வெற்றிக்கு உழைத்தவர் பால் லாம்பர்ட். ஸ்காட்லாந்துக்காரர். ஜிடேனைக் காவல் காத்தார். 1983-இல் ரோல்ஃப் பிளாட்டினிக்குச் செய்த அதே வேலை, பதினான்கு ஆண்டு கழித்து. டோர்ட்மண்டின் கோலர், ராய்ட்டர், மொல்லர், பாவ்லோ சௌசா நால்வரும் யுவென்டஸில் ஆடியவர்கள். அந்த அணி பந்தை எந்த வழியில் நகர்த்தும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

1998 மே 20, ஆம்ஸ்டர்டாம். ரியல் மாட்ரிடிடம் 0–1, 66-இல் மியாதோவிச். ஆஃப்சைடு என்று யுவென்டஸ்காரர்கள் இன்றும் வாதாடுவார்கள். அந்த ஆண்டுத் தொடரில் அதிக கோல் போட்டவர் டெல் பியரோ, 10 கோல். ஃபைனலில் அவருக்கு எதுவும் அமையவில்லை. 1983-இல் ரோஸி, 1998-இல் டெல் பியரோ. தொடரில் அதிக கோல் போட்டவர் இருமுறையும் கறுப்பு வெள்ளையில் இருந்தார், இருமுறையும் ஃபைனலில் அந்த அணி பூஜ்யம். அரையிறுதி வரை ஒருவரையே நம்பி வந்தால் ஃபைனலில் எதிரணிக்குத் தயாரிப்பு வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

2003 மே 28, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு. எதிரே இன்னொரு இத்தாலிய அணியான மிலான். இங்கே எதிரணி காவல் போடக்கூடத் தேவைப்படவில்லை. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் ரியல் மாட்ரிடை டூரினில் 3–1 என்று யுவென்டஸ் வென்றது. மூன்றாவது கோலைப் போட்டு ஃபைனலை உறுதிசெய்தவர் பாவெல் நெட்வெட். சில நிமிடத்திலேயே, நடு மைதானப் பக்கத்தில், கோலுக்கு எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில் மெக்மனமானை வீழ்த்தி மஞ்சள் அட்டை வாங்கினார். முந்தைய அட்டைகளோடு சேர்ந்து ஃபைனலுக்குத் தடை. புல்லில் மண்டியிட்டு அழுதார். ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அந்த ஆண்டு அவருக்குத்தான் போனது. அவர் இல்லாத ஃபைனலில் 120 நிமிடம் ஆடி யுவென்டஸ் ஒரு கோலும் போடவில்லை. மாற்றாக வந்த கோன்டே தலையால் முட்டியது குறுக்குக் கம்பத்தில் பட்டது. அதுதான் மிக நெருங்கி வந்த வாய்ப்பு.

இப்போது காலிறுதி முடிந்ததும் மஞ்சள் அட்டைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். இன்றைய விதி இருந்திருந்தால் நெட்வெட் ஆடியிருப்பார். நம் ஊர்ப் போட்டிகளில் விதி போட்டிக்குப் போட்டி மாறும். சிலவற்றில் இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் இல்லை, சிலவற்றில் அரையிறுதியோடு கணக்குத் தீரும். பதிவுக் கட்டணம் கட்டும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். யாரிடம் எத்தனை அட்டை என்ற தாள் மேனேஜர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அரையிறுதியில் இரண்டு கோல் முன்னிலை கிடைத்ததும் அட்டை உள்ளவரை வெளியே எடுப்பதற்குத்தான் அந்தத் தாள்.

மிலானுக்கு எதிரான டைபிரேக்கரில் ட்ரெசகே, ஸலயேட்டா, மொன்டேரோ மூவர் அடித்ததையும் மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்தார். மறுபக்கம் சீடார்ஃப், கலாட்ஸே அடித்த இரண்டை பஃபோன் தடுத்தார். கடைசியில் ஷெவ்சென்கோ போட்டு மிலான் 3–2. அந்த இரவின் படத்தைப் பார்த்தால் கோல்கீப்பர்கள் கோட்டை விட்டு நன்றாக முன்னே வந்திருப்பது தெரியும். அன்று நடுவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்றைய விதிப்படி பந்தை உதைக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும்.

2015 மே 20-க்கும் ஜூன் 6-க்கும் இடையே 17 நாள். இந்தப் பதினேழு நாளில் நடந்த இரண்டு ஃபைனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. மே 20-இல் ரோமில் கோப்பா இத்தாலியா ஃபைனல், எதிரே லாட்சியோ. 4-ஆவது நிமிடத்தில் யுவென்டஸ் கோல் வாங்கியது. 11-இல் டிபென்டர் கியெல்லினி சமன் செய்தார், எக்ஸ்ட்ரா டைமில் மாட்ரி போட்டு 2–1. ஜூன் 6-இல் பெர்லினில் பார்சிலோனா. அங்கேயும் 4-ஆவது நிமிடத்தில் கோல், இனியெஸ்டா கொடுக்க ராக்கிடிச் போட்டார். கெண்டைக்கால் காயத்தால் கியெல்லினி அந்த ஆட்டத்தில் இல்லை. சமன் செய்ய 55-ஆவது நிமிடம் வரை ஆனது. மோராட்டா போட்டதும் பதினைந்து நிமிடம் யுவென்டஸ் கை ஓங்கியது. பாக்ஸுக்குள் போக்பாவை டானி ஆல்வெஸ் இழுத்தார், பெனால்டி கேட்டார்கள், நடுவர் கொடுக்கவில்லை. பந்து அங்கிருந்து நேரே மறுகோடிக்குப் போனது. மெஸ்ஸி அடித்ததை பஃபோன் தட்டிவிட, சுவாரஸ் உள்ளே தள்ளினார். கடைசி நொடிகளில் நெய்மார் ஒன்று, 1–3.

ஆக, தொடக்கத்திலேயே கோல் வாங்குவது மட்டும் கொல்வதில்லை. ஏழு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஐம்பது நிமிடம் ஆனால், சமன் செய்த உற்சாகத்தில் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடும் களைத்த கால்கள்தான் மிஞ்சுகின்றன. பெர்லினில் இரண்டாவது கோல் வாங்கியது டிபென்ஸின் பலவீனத்தால் அல்ல. பந்து பறிபோன நேரத்தில் யுவென்டஸ் ஆட்கள் எதிர் பாக்ஸில் இருந்தார்கள்.

2017 ஜூன் 3, கார்டிஃப். அதுவரை 12 ஆட்டத்தில் வெறும் 3 கோல் வாங்கியிருந்த அணி, ஒரே இரவில் ரியல் மாட்ரிடிடம் 4 வாங்கியது. ரொனால்டோ 20-இல், மாண்ட்சுகிச் 27-இல் பின்னால் சாய்ந்து தூக்கி அடித்த அருமையான கோல், இடைவேளையில் 1–1. 61-இல் கசேமிரோ அடித்த தூரத்து ஷாட் கெதிராவின் காலில் பட்டுத் திசை மாறியது, 64-இல் மறுபடி ரொனால்டோ. 84-இல் குவாட்ராடோ இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேற, 90-இல் அசென்சியோ. ஏழு தோல்விகளில் டிபென்ஸ் தோற்றது என்று நேராகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். நடு மைதானத்தில் மோட்ரிச், க்ரோஸ் இருவருக்கும் பந்தும் இடமும் கிடைத்துக்கொண்டே இருந்தன, எதிர்ப்பதற்கு ஓர் ஆள் குறைவாகவே யுவென்டஸ் ஆடியது.

சோஃப் 1973-இலும் 1983-இலும் கோலில் நின்று தோற்றார். பஃபோன் 2003, 2015, 2017. இருவரும் உலகக் கோப்பை வென்றவர்கள், உலகின் தலைசிறந்த கீப்பர்களில் எப்போதும் பேசப்படுபவர்கள். இருவருக்கும் இந்த ஒரு கோப்பை கிடைக்கவே இல்லை. இவர்கள் ஆளுக்கு ஐந்து பேர் வேலையைப் பார்த்திருந்தாலும் முன்னால் கோல் விழாமல் போனதற்கு ஒன்றும் செய்திருக்க முடியாது.

இரண்டு ஆட்டமாக நடந்த ஃபைனல்களைப் பார்த்தால் இதே அணி வேறு முகம் காட்டுகிறது. ஐரோப்பிய அணிகளுக்கான இன்னொரு போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையின் ஃபைனல் அப்போது வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று என்று நடக்கும். யுவென்டஸ் ஆடிய நான்கில் மூன்றை வென்றது: 1977, 1990, 1993. தோற்றது 1995-இல் பார்மாவிடம். 1993-இல் டோர்ட்மண்ட் ஊரில் 2-ஆவது நிமிடத்திலேயே கோல் வாங்கியும் 3–1 என்று வென்றது. வீட்டில் 3–0. 1983-இல் ஏதென்ஸில் தோற்று ஒரு மாதம் ஆவதற்குள் கோப்பா இத்தாலியாவில் வெரோனாவிடம் முதல் ஆட்டம் 0–2 என்று தோற்று, இரண்டாவதை எக்ஸ்ட்ரா டைமில் 3–0 என்று வென்று கோப்பையை எடுத்தது. இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த அணி பதறுவதில்லை. முதலில் தானே கோல் போட்டுவிட்டால் ஒற்றை ஆட்டத்திலும் அது எப்படி ஆடும் என்பதற்கு 2024 கோப்பா இத்தாலியா ஃபைனல் போதும். 4-ஆவது நிமிடத்தில் விளாஹோவிச் போட்டார், எதிரே அட்டலாண்டா, 1–0 என்றே முடிந்தது. மீதி நேரம் முழுக்க அந்த அணிக்குக் கைவந்த வேலை.

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின் நம் பக்கம் நடக்கும் போட்டிகள் எல்லாமே நாக்-அவுட்தான், இரண்டாவது ஆட்டம் என்ற பேச்சே இல்லை. பாதிக்கு 20, 25 நிமிடம் வைக்கும் இடங்களில் முதல் பத்து நிமிடம் என்பது ஆட்டத்தில் கால்பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஆகிவிடும். அதில் கோல் விழக் காரணம் பல நேரம் ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபைனல் அன்று அணிகள் வார்ம்-அப் முடித்து வந்து நிற்கும். அப்புறம் சிறப்பு விருந்தினர் வருகை, பொன்னாடை, வரிசையாகக் கைகுலுக்கல், மைக்கில் நன்றி. பதினைந்து இருபது நிமிடம் நின்றே போய்விடும், சூடான உடம்பு ஆறிவிடும். இதைத் தவிர்க்க முடியாது, மீண்டும் சூடேற்ற முடியும். கடைசி வீரரிடம் கைகுலுக்கியதும் டாஸுக்குக் கேப்டன் மட்டும் போக, மற்றவர்கள் தங்கள் பாதியில் நான்கைந்து முறை முழு வேகத்தில் ஓட வேண்டும், கீப்பருக்கு இரண்டு பக்கமும் பத்துப் பந்தாவது உருட்டிவிட வேண்டும். டாஸ் வென்றால் மாலை ஆட்டத்தில் முதல் பாதிக்குச் சூரியனை முதுகில் வைக்கும் பக்கத்தை எடுப்பது நல்லது, கிழக்கு மேற்காகக் கோல் போட்ட மைதானத்தில் ஐந்து மணி வெயில் நேரே கீப்பர் கண்ணில் அடிக்கும். ஆனி, ஆடி என்றால் மேல்காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். காய்ந்த களிமண் தரையில் வெடிப்பு ஓரத்தில் பட்ட பந்து எங்கே எகிறும் என்று தெரியாது, அதனால் முதல் சில நிமிடம் கீப்பருக்குத் திருப்பித் தட்டும் பாஸ் வேண்டாம்.

டைபிரேக்கர் வரிசையைப் பற்றி யுவென்டஸே ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது. 2020 ஜூன் 17, ரோம், ஆளில்லாத மைதானம், நாப்போலியோடு கோப்பா இத்தாலியா ஃபைனல். 0–0, எக்ஸ்ட்ரா டைம் இல்லாமல் நேரே டைபிரேக்கர். டிபாலா அடித்ததைக் கீப்பர் தடுத்தார், டனிலோ மேலே அடித்தார், பிறகு பொனுச்சியும் ராம்சேயும் போட்டார்கள். நாப்போலி நான்கையும் போட்டு 4–2 என்று முடித்துவிட்டது. ஐந்தாவதாக அடிக்கக் காத்திருந்தவர் ரொனால்டோ. அவர் முறை வரவே இல்லை. அணியின் ஆகச் சிறந்த பெனால்டிக்காரர் முதல் மூன்றுக்குள் அடிக்க வேண்டும், ஐந்தாவதாக மன உறுதி உள்ள இன்னொருவர் போதும். நம் மைதானங்களில் அன்று முழுக்க ஆடி ஆடிப் பெனால்டிப் புள்ளி குழியாகி, பக்கத்தில் புழுதி சேர்ந்திருக்கும். ஊன்றும் கால் அதில்தான் வழுக்கும். பந்தை வைக்கும் முன் ஊன்றுகால் விழும் இடத்தைக் காலால் நன்றாகத் தேய்த்துப் புழுதியை ஒதுக்கிவிட வேண்டும், புள்ளி மிகவும் குழியாக இருந்தால் நடுவரிடம் சொல்லிச் சமன் செய்யச் சொல்லலாம். முதலில் அடிப்பவர் இதைச் செய்துவிட்டால் அடுத்து வரும் நால்வருக்கும் அந்தத் தரை உதவும்.